பத்தாவது ரெக்கார்டு

அந்தா, மூணு வரிசை தள்ளி ஜன்னலோரமா நீலச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காவல்லா, அவியதான் எங்க வீட்டுக்காரவிய. நீ உக்காந்திருக்கது அவிய சீட்டுதான். எந்திரிக்காத, இரு. நாங்க ஒண்ணும் வெரட்டல. அவியளா எந்திரிச்சு அங்கன போனாவ, திருநெல்வேலியில வண்டி ஏறுன ஒடனே. கோயம்புத்தூர் வரைக்கும் அங்கனயே இருக்கட்டும், எனக்கென்ன.

சண்டையான்னு கேக்கியா? சண்டை இல்லம்மா. நான் ஒரு ரெக்கார்ட வித்துட்டேன், அவ்வளவுதான். ரெக்கார்டுன்னா ஆபீஸ் ரெக்கார்டு இல்ல, பாட்டு ரெக்கார்டு. கறுப்பா, வட்டமா, முள்ள வச்சா பாடும். இது அதுல சின்ன வகை, பக்கத்துக்கு ரெண்டு பாட்டு. என்னோட ரெக்கார்டு. நான் வித்தேன். திருடிக்கிட்டுப் போயி விக்கல. பட்டப்பகல்ல, காலைல பதினோரு மணிக்கு, எங்க வீட்டு முன்ரூம்புல வச்சு, வாங்க வந்தவருக்குக் காப்பியும் குடுத்து வித்தேன். இதுல என்ன தப்பு, நீயே சொல்லு.

எங்க வீட்ல ரெக்கார்டு ஆயிரத்துக்கு மேல கெடக்கு. பாளையங்கோட்டையில வீடு. இவிய மில்லுல டைம் ஆபீசுல இருந்து ரிட்டயரானவிய, சைலப்பன்னு பேரு. ஒரு ரூம்பே ரெக்கார்டுக்குத்தான். நான் வெளக்குமாறு கொண்டு போகக்கூடாது, தூசி பறக்கும். ஈரத்துணி கொண்டு போகக்கூடாது. கையால தொடவே கூடாது, ‘உன் கை எண்ணெய்க் கை’ம்பாவ. எண்ணெய்க் கைதான். யாருக்கு பஜ்ஜி சுட்டு எண்ணெய்க் கை ஆச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சிருப்பாவளா? ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா நாலு பேரு வந்துருவாவ. ரசிகர் சபைன்னு அதுக்கு ஒரு பேரு வேற. பாட்டப் போடுவாவ, கண்ண மூடிக்கிடுவாவ, தலைய ஆட்டுவாவ. பாட்டு முடிஞ்சா இது எத்தனாவது அச்சுன்னு ஒரு மணி நேரம் பேசுவாவ.

அச்சுன்னா உனக்குத் தெரியாதுல்லா. ஒரே ரெக்கார்ட கம்பெனிக்காரன் திரும்பத் திரும்ப அடிச்சு விப்பான். அதுல மொத மொத அடிச்சு வந்ததுக்குத்தான் மதிப்பு. முத அச்சும்பாவ. அத எப்பிடிக் கண்டுபிடிக்கதுன்னா, பாட்டு முடியுற எடத்துல, நடுவுல வழவழன்னு கொஞ்சம் எடம் இருக்கும், அதுல நம்பர் கீறியிருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். நான் அந்த ரூம்புல உக்காந்ததே கெடையாது, ஆனா எல்லாம் தெரியும். அடுப்படிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவருதான. மத்தபடி எனக்குப் பாட்டுல இஷ்டமெல்லாம் ஒண்ணும் கெடையாது. காதுல விழும், அவ்வளவுதான்.

அந்த ஆயிரத்துல ஒண்ணாம் நம்பர் என்னோடது. எப்பிடின்னு கேளு.

நீ இப்ப கோவில்பட்டியில ஏறுனல்லா, அங்கனதான் எங்கப்பா ரேடியோக் கடை வச்சிருந்தாவ. உலகம்மாள் ரேடியோ ஸ்டோர்ஸ். உலகம்மாள்ங்கது எங்க அக்கா. மூத்த பிள்ளைன்னு அவ பேர வச்சாவ. நான் பொறக்கதுக்கு முந்தியே போர்டு எழுதி மாட்டியாச்சு, அப்புறம் செண்பகவல்லின்னு எங்கன போயி மாத்த. ரேடியோ விப்பாவ, ரிப்பேரு பாப்பாவ, ரெக்கார்டும் விப்பாவ. படம் வாரதுக்கு முன்னாடியே பாட்டு பார்சல்ல வந்துரும். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கையில ஒரு படத்துக்கு ஒரே மாதிரி பத்து ரெக்கார்டு வந்துச்சு. ஓடாத படம், பேரு சொன்னாலும் உனக்குத் தெரியாது. நாலு பாட்டுல கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டு. ஒரே ஒரு பொம்பள பாடியிருப்பா, ஆனா ரெக்கார்டுல அவ பேரு கெடையாது, ‘குழுவினர்’னு போட்டிருக்கும். வந்து ஒரு வாரம்கூட ஆகல, கம்பெனியில இருந்து லெட்டர். அந்தத் தாலாட்ட எடுத்தாச்சு, வேற பாட்டு போட்டு அடிச்சு அனுப்புதோம், கையில இருக்கதையெல்லாம் திருப்பி அனுப்புங்கன்னு. ஏன் எடுத்தாவன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா எல்லாத்தையும் பெட்டியில அடுக்கி அனுப்பிட்டாவ. ஒம்பதுதான் போச்சு. பத்தாவத நான் ஒளிச்சிட்டேன்.

முன்னால கடை, பின்னால வீடு. அப்பா சாப்பிட உள்ள வந்த நேரம் பாத்து அத எடுத்து, டிரங்குப் பெட்டியில என் பாவாடைக்கு அடியில வச்சிட்டேன். அக்கா நடையில நின்னு அப்பா வாராவளான்னு பாத்துக்கிட்டா. ஒண்ணு கொறையுதேன்னு அப்பா தேடிப் பாத்தாவ, அப்புறம் பார்சல்லயே வளைஞ்சு வந்துச்சு, கழிச்சாச்சுன்னு எழுதிப் போட்டுட்டாவ. ஊர் ஊருக்கு எல்லா கடைக்காரனும் திருப்பி அனுப்பிட்டான். அதனாலதான் அது கெடைக்காத பொருளாப் போச்சு, வெளங்குதா? நான் ஒருத்தி ஒளிச்சு வைக்கலைன்னா அந்தத் தாலாட்டே இன்னைக்கு ஒலகத்துல கெடையாது.

எனக்குக் கல்யாணமானப்ப சீரோட ரெக்கார்டு பிளேயர் ஒண்ணும் ரெக்கார்டு பன்னெண்டும் குடுத்துவிட்டாவ. கல்யாண வீட்ல சீர் லிஸ்ட சத்தம் போட்டு வாசிப்பாவல்லா, எங்க பக்கம் வழக்கம் அது. குத்துவெளக்கு ரெண்டு, பித்தளைத் தவலை ஒண்ணு, ரெக்கார்டு பன்னெண்டுன்னு எங்க தாய்மாமா அத்தன பேருக்கு முன்னால வாசிச்சாவ. அதுல இது ஒண்ணு. இவிய வீட்ல அதுக்கு முந்தி ஒரு ரேடியோகூட கெடையாது. பக்கத்து வீட்டு ரேடியோவுல பாட்டு கேட்டு வளந்தவிய.

சபைக்காரவிய ஒரு நாள் கேட்டாவ, முப்பது வருசம் இருக்கும், ‘சைலப்பா, இது உனக்கு எங்கவே கெடைச்சுது’ன்னு. பொண்டாட்டி வீட்டுச் சீருல வந்துச்சுன்னு சொல்ல நாக்கு வரல. மதுரையில ஒரு பழைய சாமான் கடையிலன்னு சொல்லிட்டாவ. நான் அடுப்படியில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆம்பளைக்கு ஒரு கூச்சம் இருக்கும், போவுதுன்னு விட்டுட்டேன். அடுத்த வருசம் இவிய சொல்லுத கதையில அந்தக் கடைக்கு ஒரு கெழவன் வந்தான். அதுக்கடுத்த வருசம் மழை பேஞ்சுது. அப்புறம் அந்தக் கெழவன் ரெக்கார்ட வச்சு டீ கிளாச மூடி வச்சிருந்தானாம். இவிய பாத்த ஒடனே என்னன்னு கண்டுபிடிச்சு, மூஞ்சியில காட்டாம, வேற ரெண்டு ஒடஞ்ச சாமானையும் சேத்து வெலை பேசி வாங்குனாவளாம். என்ன சாமர்த்தியம் பாரு. ‘ஏன் இப்பிடிப் பொய் சொல்லுதிய’ன்னு ஒரு தடவ கேட்டேன். ‘யாரு பொய் சொன்னா’ன்னு என்னையே திருப்பிக் கேக்காவ.

செத்த இரும்மா. இந்தா வாராவ பாரு. விருதுநகர்ல எறங்கி வடை வாங்கியிருக்காவ போல.

பாத்தியா? பொட்டலத்த என் மடியில வச்சிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போறத. இருபது நாளா இப்பிடித்தான். பேச்சு கெடையாது, ஆனா நேரத்துக்கு எல்லாம் வந்துரும். நீ ஒண்ணு எடுத்துக்கோ. உளுந்த வடைதான்.

எங்க விட்டேன்? ஆங், அந்த மதுரைக் கதை. அதுக்குப் பொன்னாடையே கெடைச்சுது. போன தை மாசம் பழைய பாட்டு ரசிகருக எல்லா ஊருல இருந்தும் பாளையங்கோட்டையில கூடுனாவ. கல்யாண மண்டபம் பிடிச்சு, மைக்கு வச்சு, நாற்காலி போட்டு. அந்த ரெக்கார்டக் காப்பாத்தி வச்சிருக்கதுக்காக இவியளுக்குப் பொன்னாடை. நான்தான் வேட்டிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன். போடும்போதே சொன்னேன், ‘இன்னைக்காவது ஒரு வார்த்தை, இது என் மாமனார் கடையில இருந்து வந்துச்சு, செண்பகம் கொண்டு வந்தான்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்’னு. ‘சொல்லிட்டாப் போச்சு’ன்னாவ.

இருபது நிமிசம் பேசுனாவ. நான் ரெண்டாவது வரிசையில அவிய கண்ணாடிக் கூட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மதுரை வந்துச்சு, மழை வந்துச்சு, கெழவன் வந்தான். கெழவனுக்கு இந்தத் தடவ ஒரு கண்ணு தெரியல. இப்ப சொல்லுவாவ, இப்ப சொல்லுவாவன்னு பாக்கேன். கடைசியில, ‘என் துணைவியாருக்கும் நன்றி, ஞாயித்துக்கிழமை காப்பிக்கு’ன்னு சொல்லி எறங்கிட்டாவ. மண்டபமே சிரிச்சுக் கை தட்டுது. நானும் தட்டுனேன், பக்கத்துல இருக்கவிய பாப்பாவல்லா.  காப்பிக்கு நன்றியாம். கல்யாணமான நாள்ல இருந்து நாப்பத்தி நாலு வருசம் ஒருத்தி ஒரு வார்த்தைக்குக் காத்துக்கெடந்தா அவளுக்குக் கெடைச்சது காப்பிக்கு நன்றி.

அந்தக் கூட்டத்துக்குக் கோயம்புத்தூர்ல இருந்து பொன்னுரங்கம்னு ஒருத்தரு வந்திருந்தாரு. பம்பு மோட்டார் கம்பெனி வச்சிருக்காரு, ரெக்கார்டு சேக்குதவரு. இவியகிட்ட வெலைக்குக் கேட்டிருக்காரு. இவிய சிரிச்சிக்கிட்டே முடியாதுன்னுட்டாவ, அவரும் விடாம தன் போன் நம்பர் போட்ட கார்ட இவிய சட்டைப் பையில வச்சிட்டுப் போயிட்டாரு. சட்டைய ஊறப் போடும்போது அந்தக் கார்டு என் கையில வந்துச்சு. எடுத்து சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சேன். அடுத்த வாரம் இவிய ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அம்பாசமுத்திரம் போனாவ. முந்துன நாளே நான் அவருக்குப் போனப் போட்டிருந்தேன்.

மனுசன் கோயம்புத்தூர்ல விடியக்காலமே காரெடுத்து, பதினோரு மணிக்கெல்லாம் வந்துட்டாரு. வந்து உக்காந்து, ‘சாருக்குத் தெரியுங்களாம்மா?’ன்னாரு.

‘சாரு விக்கல. நான் விக்கேன்.’

‘அப்பறம் ஏதும் பிரச்சன ஆயிடக் கூடாது பாருங்க.’

பீரோவத் தொறந்து சீர் நோட்ட எடுத்துக் காட்டுனேன். மூலையில மஞ்சள் தடவுன நோட்டு, இன்னும் வச்சிருக்கேன். அவரு கண்ணாடியப் போட்டு வாசிச்சுப் பாத்துட்டு, ‘ரெக்கார்டு பன்னெண்டுன்னுதானுங்க இருக்கு. எந்த ரெக்கார்டுன்னு எழுதலீங்களே’ங்காரு. ‘தவலை ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கு. எந்தத் தவலைன்னு எழுதலைங்கதுக்காக அது பக்கத்து வீட்டுத் தவலை ஆயிருமா’ன்னேன்.  அப்புறம் சின்னதா ஒரு டார்ச் எடுத்து நடுவுல அடிச்சுத் தேடுதாரு. நான்தான் சொன்னேன், இன்னும் சாய்ச்சுப் பிடிங்க, நம்பருக்குப் பின்னால ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால ஒண்ணுன்னு இருக்கும்னு. இருந்துச்சு. என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு.

‘கடைசியா ஒருக்காக் கேக்கறீங்களாம்மா?’ன்னு கேட்டாரு. வேண்டாம்னேன். எனக்குத்தான் பாட்டுல இஷ்டம் கெடையாதே. ஆனா அவரு எப்பிடியும் போட்டுப் பாக்கணும்லா, போட்டாரு. நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அங்கன நின்னாத்தான் எனக்கு நல்லாக் கேக்கும். என்ன வெலைன்னு மட்டும் கேக்காத. பணம் பீரோவுல வச்ச எடத்துலயே இருக்கு, நான் தொடல.

இவிய வந்தாவ. கை கால் கழுவிட்டு நேரா அந்த ரூம்புக்குத்தான் போவாவ. ஒண்ணாம் நம்பர் எடத்துல சந்து கெடக்கு.

‘செண்பகம், இங்கன இருந்தது எங்க?’

‘வித்துட்டேன்.’

‘எத வித்த?’

‘என்னோடத.’

திட்டுவாவன்னு பாத்தேன். திட்டல. திட்டியிருந்தா நாலு வார்த்தை நானும் கேட்டிருப்பேன், ஒவ்வொண்ணா யோசிச்சு வச்சிருந்தேன். ஸ்டூல்ல உக்காந்து அந்தச் சந்தையே பாத்துக்கிட்டு இருந்தாவ. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டாவ, எந்திரிச்சுப் போயிட்டாவ. அன்னைக்கு நின்ன பேச்சுதான். சரி, போவட்டும்னு நானும் இருந்துட்டேன்.

ஆனா அதோட முடியல பாரு. இவியளுக்கு ஒரு பழக்கம். ரெக்கார்டு நடுவுல வட்டமா ஒரு காயிதம் ஒட்டியிருக்கும்லா, பாட்டுப் பேரெல்லாம் போட்டு, அதுக்கு மேல தன் பேரையும் நம்பரையும் எழுதி ஒரு ஸ்டிக்கர ஒட்டிருவாவ. சைலப்பன், ஒண்ணு. சைலப்பன், ரெண்டு. இப்பிடியே ஆயிரத்துக்கும் ஒட்டியாச்சு. பொன்னுரங்கம் சாருக்கு அது பிடிக்கல. ஆவி காட்டி, மெல்ல மெல்ல உரிச்சிருக்காரு. அடியில ஊதா மையில ஒரு சீலு. உலகம்மாள் ரேடியோ ஸ்டோர்ஸ், மெயின் ரோடு, கோவில்பட்டி. எங்கப்பா பார்சல் பிரிச்ச கையோட எல்லாத்துலயும் குத்துத சீலு. சத்தியமாச் சொல்லுதேன், அது இருக்கதையே நான் மறந்துட்டேன். இவிய மானத்த வாங்கணும்னு நான் விக்கல. அவரு போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போட்டுட்டாரு, ‘மதுரையில் கிடைத்த இசைத்தட்டில் கோவில்பட்டி முத்திரை, நண்பர்கள் விளக்கவும்’னு. எல்லா ஊருக்கும் போயிட்டு.

ஞாயித்துக்கிழமை சபை கூடுச்சு. யாரும் பாட்டு போடல. ஞானதிரவியம் வாத்தியாருன்னு ஒருத்தவிய, சபையில மூத்தவிய, போன எடுத்துக்கிட்டு அடுப்படி வாசலுக்கே வந்துட்டாவ. ‘அம்மா, இந்த உலகம்மாள் யாரு’ன்னாவ. ‘எங்க அக்கா. எங்க அப்பா கடை’ன்னேன். வாத்தியாரு அப்பிடியே திரும்பி இவியளப் பாத்தாவ. இவிய மூஞ்சி செத்துப் போச்சு. ‘வாங்கம்மா, உள்ள வந்து சொல்லுங்க’ன்னாவ வாத்தியாரு. நான் அடுப்ப அமத்திட்டு, கையத் தொடச்சிட்டு, அந்த ரூம்புக்குள்ள போயி நாற்காலியில உக்காந்தேன். அன்னைக்கு யாருக்கும் பஜ்ஜி கெடையாது. ஒண்ணு விடாமச் சொன்னேன். கம்பெனி லெட்டர், பத்து ரெக்கார்டு, ஒம்பது திரும்பிப் போனது, அரிசிப் பானைக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டு நான் அத ஒளிச்சது, எல்லாம் சொன்னேன். நாலு பேரும் வாயப் பொளந்து கேட்டாவ.

என்னம்மா? டிரங்குப் பெட்டின்னா சொன்னேன்? மொதல்ல டிரங்குப் பெட்டி. அப்புறம் அம்மா துணியெடுத்து வெயில்ல போட்டா தெரிஞ்சுபோவுமேன்னு அரிசிப் பானைக்கு மாத்துனேன். நீ உன்னிப்பாத்தான் கேக்க.

அன்னைக்கு எல்லாரும் போன பெறகு இவிய வாயத் தொறந்தாவ. அந்த ஒரு தடவதான். ‘செண்பகம், நான் பொய் சொல்லல. அந்தக் கெழவன எனக்கு ஞாபகம் இருக்கு. மழையில சட்டை நனைஞ்சு ஒடம்போட ஒட்டுனது ஞாபகம் இருக்கு’ன்னாவ. கண்ணு கலங்கிட்டு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நீயே சொல்லு, நடக்காத ஒண்ணு ஒரு மனுசனுக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? சொல்லிச் சொல்லித் தனக்கே நெசமாயிட்டு. இப்பிடியும் ஒரு வியாதி இருக்கும் போல.

இப்ப எதுக்குக் கோயம்புத்தூர் போறோம்னு கேட்டல்லா, அதுக்குத்தான். நாளைக்குச் சாயங்காலம் பொன்னுரங்கம் சார் ஒரு ஹால் பிடிச்சு அந்தத் தாலாட்டப் போட்டுக் காட்டுதாரு. என்னப் பேசக் கூப்பிட்டிருக்காரு. மேடையில. பொன்னாடையும் உண்டாம். இவியள நான் கூப்பிடல. காலைல நான் கெளம்பி வாசலுக்கு வந்தா, அவிய முந்திக்கிட்டு என் பையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல உக்காந்திருக்காவ. பாட்டு கேக்க ஆசையா இருக்கும். வரட்டும். ரெண்டாவது வரிசையில உக்காந்து கேக்கட்டும்.

நேத்து எங்க அக்கா போன் பண்ணா. சங்கரன்கோவில்ல மக வீட்டோட இருக்கா, எழுபது தாண்டியாச்சு. இந்தக் கூட்டத்தப் பத்தியும் நான் ஒளிச்சதப் பத்தியும் பேப்பர்ல போட்டிருக்கத யாரோ வாசிச்சுக் காட்டியிருக்காவ. ‘ஏட்டி, அத ஒளிச்சது நான்லாட்டி’ங்கா. ‘நீ அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கிப் பாயில கெடந்த. அந்தத் தாலாட்டப் போடு, போடுன்னு அழுத. எல்லாத்தையும் திருப்பி அனுப்பப் போறாவன்னு தெரிஞ்சு நான்தான் ஒண்ண உருவி என் தலகாணி உறைக்குள்ள வச்சேன். உன் கல்யாணத்துக்கு அப்பாகிட்ட உண்மையச் சொல்லி, திட்டும் வாங்கிக்கிட்டு, சீருல வைக்கச் சொன்னதும் நான்தான். எல்லாம் மறந்துபோச்சா உனக்கு’ங்கா. அப்புறம் குரல் எறங்கிட்டு. ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்டி. மேடையில ஒரு வார்த்தை என் பேரையும் சொல்லிரு. பேத்தி போன்ல போட்டுக் காட்டுதேன்னு சொல்லியிருக்கா, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்’னா. சரிக்கான்னு சொல்லி போன வச்சேன்.

அம்மைக்கட்டு வந்தது நெசந்தான், ஆனா அது வேற வருசம். வயசாச்சுல்லா அவளுக்கு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஞாபகம் வருது. சொல்லுவேனான்னா கேக்க? எனக்கே அஞ்சு நிமிசந்தான் குடுத்திருக்காவ. அதுல கம்பெனி லெட்டரச் சொல்லணும், அப்பாவச் சொல்லணும், சீர் லிஸ்ட வாசிச்சதச் சொல்லணும். கடைக்கு அவ பேருதான், சீலுலயும் அவ பேருதான், அத்தன ஊரும் போன்ல பாத்தது அவ பேரத்தான். இன்னும் எத்தன எடத்துல வேணுமாம் அவளுக்கு?

ஏம்மா அப்பிடிப் பாக்க? ஒளிச்சது நான்தான். கைய வெளிய எடுத்தா முழங்கை வரைக்கும் அரிசி ஒட்டியிருக்கு, அப்பா வாரதுக்குள்ள நின்னு ஒவ்வொண்ணாத் தட்டிவிட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.